கல் கிடந்த இடத்திலேயே

(ஸ்ரீபெரும்புதூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



வட்டாரக் கலையும் அருங்காட்சியகமும் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். இந்த வட்டாரத்தில் இப்படி ஒரு தலைப்பு கிடைத்தால் பேச வருகிறவர் காஞ்சிபுரத்துக் கைலாசநாதரில் தொடங்கி மாமல்லபுரத்துக் கடற்கரையில் முடிப்பது வழக்கம். அந்த வழியில் நான் போகப்போவதில்லை. பல்லவர் கலையைப் பற்றிப் பேச ஆட்கள் இருக்கிறார்கள், நன்றாகவே பேசுகிறார்கள். எனக்கு இந்த மண்டபத்துக்கு வெளியே கிடக்கும் சரளையைப் பற்றிப் பேச வேண்டும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிற்சாலை வட்டாரத்தில் கண்காட்சி என்று ஒன்று எழுமானால், அது நிலத்திலிருந்து தொடங்க வேண்டும். கையால் பொருள் செய்யத் தெரிந்தவர்களைத் தன் முதல் பார்வையாளர்களாக எண்ண வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர் என்றால் வைணவருக்கு 1017இல் ராமாநுஜர் அவதரித்த தலம். நாட்டுக்கு, ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட 1991 மே 21ஆம் தேதி இரவு. வேலை தேடும் பிள்ளைகளுக்கு, 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓடி வந்ததில் தொடங்கி ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம் என்று நீண்டுகொண்டே போகிற கேட்டுகளின் வரிசை. நான்காவதாக ஒரு சிறு கூட்டம் உண்டு. அவர்களுக்கு இது ஒரு பாறையின் பெயர். நிலவியல்காரர்கள் உலகின் எந்த மூலையில் இருந்தாலும், கோண்டுவானா காலத்துத் தாவரங்களைப் படித்திருந்தால், நம் ஊர்ப் பெயரைக் கொஞ்சம் நாக்குப் புரளாமல் சொல்லுவார்கள்.

ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற இந்திய நிலவியல் ஆய்வுத்துறை அதிகாரி, பாலாற்றுக்கு வடக்கே சென்னை, வட ஆர்க்காடு மாவட்டங்களின் நிலவியலை 1873இல் ஒரு நீண்ட அறிக்கையாக அச்சிட்டார். வெளிறிய களிப்பாறை அடுக்குகளை அதில் நம் ஊர்ப் பெயரால் குறித்தார். சில ஆண்டுகள் கழித்து, 1879இல், ஓட்டகார் ஃபைஸ்ட்மான்டெல் அந்தப் பாறைகளில் பதிந்திருந்த இலைத் தடங்களை விவரித்தார். டைலோஃபில்லம் என்று ஒரு செடி. ஈந்தைப் போலச் சீப்புச் சீப்பாக இலை. அதே அடுக்குகளில் கடற்சிப்பிகளும் கிடைத்தன. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் இங்கே கடல் வந்துபோயிருக்கிறது, கரையோரம் மரம் நின்றிருக்கிறது. இன்று அதே மண்ணில் ஃபோர்க்லிஃப்ட் ஓடுகிறது. இவ்வளவு பெரிய செய்தியைச் சொல்ல ஊரில் ஒரு பலகையாவது இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது பேராசையா?

இதே ஃபுட்தான், அந்த அறிக்கைக்குப் பத்து ஆண்டு முன்னால், 1863 மே 30 அன்று, பல்லாவரம் ராணுவத் திடலையொட்டிச் சரளைக்காகத் தோண்டிய பள்ளத்தில் ஒரு கல்லைக் கண்டெடுத்தவர். அப்போது அவருக்கு வயது 28. பிரான்சில் சோம் ஆற்றங்கரைச் சரளைக்குள் மனிதன் செதுக்கிய கற்கள் கிடைப்பதை இங்கிலாந்து அறிஞர்கள் நேரில் போய்ப் பார்த்து ஒப்புக்கொண்டது 1859இல். அந்தச் செய்தி ஃபுட்டின் மனத்தில் இருந்தது. இருந்ததால்தான் கண்ணில் பட்டது. அந்தப் பள்ளத்தில் மண் வெட்டியவர்கள் அந்த மாதிரிக் கற்களைப் பலமுறை கூடையில் அள்ளிக் கொட்டியிருப்பார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஃபுட்டும் அவருடைய சக அதிகாரி வில்லியம் கிங்கும் நமக்கு வடக்கே கொசஸ்தலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்துக்குப் போனார்கள். அங்கே ஓடைக்கரையில் கைக்கோடரிகள் மண்ணுக்குள்ளும் மேலுமாகக் கிடந்தன.

ஃபுட் தன் வாழ்நாள் சேகரிப்பை 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு விற்றார். அது எழும்பூரில் இருக்கிறது. நல்லது, பத்திரமாக இருக்கிறது. அதற்குப் பிறகு நடந்த ஒன்றை நாம் யோசிக்காமல் விட்டுவிட்டோம். கல் எழும்பூருக்குப் போனது. கல் கிடந்த நிலம் இங்கேயே தங்கிவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் எண் ஒட்டி வைத்திருக்கும் கைக்கோடரி எங்கிருந்து வந்தாலும் ஒன்றுபோலத்தான் தெரியும். அது இருந்த சிவந்த சரளை, அந்தச் சரளையைக் கொண்டுவந்த ஆறு, அந்த ஆறு இப்போது எங்கே ஓடுகிறது என்பதெல்லாம் பெட்டிக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

அந்தக் கல்லின் பயணத்தைக் கொஞ்சம் பாருங்கள். அது குவார்ட்சைட். கடப்பை, நகரி மலைப்பக்கத்தின் மிகப் பழைய பாறை. டைலோஃபில்லம் வளர்ந்த காலத்து ஆறுகள் அந்தப் பாறையை உடைத்து உருட்டிக் கூழாங்கல்லாக்கி இந்தப் பக்கம் கொண்டுவந்து கொட்டின. கொட்டிய கற்கள் இறுகி மறுபடி பாறையாயின. பூண்டிக்கு மேற்கே குடியம் குகைகள் இருக்கிற அல்லிக்குளி மலை அப்படி உருவான கூழாங்கற்பாறைதான். அந்த மலை கரைந்து கற்கள் மறுபடி ஓடைக்கு வந்தபோது, அவற்றைப் பொறுக்க ஒரு கை வந்தது. இரண்டு தடவை ஆறு இழைத்துக் கொடுத்த கல்லை மூன்றாவதாக மனிதன் எடுத்துச் செதுக்கினான். இந்த வரிசையை ஒரு அறையில் வைக்க முடியுமானால், கீழே பாறை, அதன்மேல் உருண்ட கல், அதன்மேல் செதுக்கிய கல் என்று வைக்க முடியுமானால், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு நிலவியலும் வரலாறும் இரண்டு பாடமாக இராது.

அத்திரம்பாக்கத்தில் 1999 முதல் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் சர்மா மரபுக் கல்வி மையத்தின் சார்பில் அகழ்ந்தார்கள். 2011இல் 'சயின்ஸ்' இதழில் வந்த அவர்களுடைய கட்டுரை, அங்கே கைக்கோடரி செய்தவர்களின் காலம் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு என்று காட்டியது. 2018 ஜனவரி கடைசியில் 'நேச்சர்' இதழில் இன்னொரு கட்டுரை: கைக்கோடரியை விட்டுவிட்டு வேறொரு புது நுட்பத்துக்கு இவ்வூர்க் கைகள் மாறியது சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பு. அந்த நுட்பம் ஆப்பிரிக்காவிலிருந்து மிகப் பிந்தி இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது என்று அதுவரை சொல்லிவந்த கணக்கை அது குலைத்தது.

அந்த 2018 ஜனவரியில் வேறு இரண்டும் நடந்தன. மும்பையில் சத்ரபதி சிவாஜி அருங்காட்சியகத்தில், பிரிட்டிஷ் மியூசியமும் டெல்லி தேசிய அருங்காட்சியகமும் சேர்ந்து அமைத்த 'இந்தியாவும் உலகமும்' கண்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அதில் அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரி ஒன்று மேடையேறியிருந்தது. அமெரிக்காவில் டாலஸ் நகரத்து நாஷர் சிற்ப மையம், தொல்பொருளாக அல்லாமல் சிற்பமாகவே கைக்கோடரிகளைக் காட்டும் 'முதற் சிற்பம்' என்ற கண்காட்சியைத் திறந்தது. அதை அமைத்தவர்கள் இரண்டு பேர்: ஒருவர் டோனி பெர்லன்ட் என்ற ஓவியர், மற்றவர் தாமஸ் வின் என்ற மானிடவியலாளர். அந்தக் கூட்டணியை நான் முக்கியமாக நினைக்கிறேன். இந்தக் கல் எவ்வளவு பழையது என்று மானிடவியலாளர் சொல்லலாம். தேவைக்கு மேல் ஏன் இவ்வளவு ஒழுங்கு, இரண்டு பக்கமும் ஏன் இப்படிச் சமமாக வர வேண்டும், வெட்டுவதற்கு இந்த அழகு எதற்கு என்று கேட்க ஒரு ஓவியர் வேண்டியிருந்தது.

நான் மூன்றாவதாக ஒருவரைச் சேர்ப்பேன். ஃபிட்டர்.

பூண்டியில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1985இல் அமைத்த தொல்பழங்கால அகழ்வைப்பகம் இருக்கிறது. அணை பார்க்க வருகிறவர்களில் சிலர் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஒருமுறை என்னுடன் ஐடிஐ படித்த ஒரு தம்பி வந்தான். ஒரகடத்தில் ஒரு உதிரிபாகப் பட்டறையில் வேலை. எல்லோரும் பெயர்ப்பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவன் படிக்கவில்லை. குனிந்து, தலையைச் சாய்த்து, வெளிச்சம் படும் பக்கமாக நகர்ந்து நகர்ந்து ஒரே கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "சார், இங்க இங்க அடிச்சு வந்திருக்கான். இந்த இடத்துல அடி உள்ள போகாம பாதியில நின்னுடுச்சு. அதுக்கு மேல அடிக்க முடியல. இது ரிஜெக்ட் பீஸ் சார், போட்டுட்டுப் போயிட்டான்."

கற்கருவி ஆய்வாளர்கள் இதைத்தான் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். சில்லு முழுசாகப் பிரிந்து வராமல் படிபோல ஒடிந்து நின்றுவிட்டால், அடுத்த அடிக்கு விளிம்பு கிடைக்காது, கல் கைவிடப்படும். பலகையில் இருந்தது 'கைக்கோடரி, பழைய கற்காலம்' என்பது மட்டும். தம்பி பார்த்தது ஒருவன் வேலை செய்வதை, வேலை கெடுவதை, கல்லைப் போட்டுவிட்டு எழுந்து போவதை. ஓவியக் கல்லூரியில் பல ஆண்டு பாடம் சொன்ன எனக்கு அந்தக் கண் கிடையாது. எனக்கு வடிவம் தெரிகிறது, அடி தெரிவதில்லை.

2018ஆம் ஆண்டுக் கட்டுரை பேசிய புது நுட்பமும் இப்படித்தான். கைக்கோடரிக்காரன் கல்லைச் செதுக்கிச் செதுக்கிக் கடைசியில் கல்லையே கருவியாக்கினான். பிந்தி வந்தவன் கல்லை முதலில் ஒரு மாதிரித் தயார்செய்து வைத்துக்கொள்கிறான்; அதன்பின் ஒரே அடியில், முன்கூட்டியே எண்ணிய அளவில், மெல்லிய சில்லு எழுகிறது. சில்லுதான் கருவி. இதை லெவல்லுவா முறை என்று வகுப்பில் விளக்குவதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிடும். பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறவருக்கு ஒரு வாக்கியம் போதும்: டை அடிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

ஒரு பொருள் எப்படிச் செய்யப்பட்டது, எங்கே பிழைத்தது, எங்கே தப்பியது என்று தினமும் எட்டு மணி நேரம் பார்த்துப் பழகிய கண்கள் இவ்வளவு நெருக்கமாக வேறெங்கே கூடியிருக்கின்றன? அந்தக் கண்களுக்கும் இந்தக் கற்களுக்கும் அறிமுகம் இல்லை. அருங்காட்சியகங்கள் ஷிஃப்ட் நேரத்தில் திறந்து, ஷிஃப்ட் முடியும்போது மூடுகின்றன.

இன்னும் பக்கத்தில் வருவோம். ஒரகடத்தை ஒட்டிய வடக்குப்பட்டில் 2022இல் இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்டம் அகழ்ந்தது. தரைக்குக் கீழே முக்கால் மீட்டர் ஆழத்தில் கற்கருவிகள் செய்த இடம் ஒன்று தென்பட்டது. இடைக்கற்காலம், ஏறத்தாழ 12,000 ஆண்டு என்று சொன்னார்கள். மேலே வர வர ரோமானிய ஆம்போரா சாடியின் துண்டுகள், கண்ணாடி மணிகள், சிறு தங்க அணிகள். ஒரு வயல்மேட்டில் இவ்வளவும். அந்த மேட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் செயின்ட் கோபைன் ஆலை 2000ஆம் ஆண்டு முதல் மிதவைக் கண்ணாடி வார்க்கிறது. மணலை உருக்கி ஒளி புகும்படி செய்கிற வேலை இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. அந்த நாளில் அது கழுத்தில் கோக்கும் மணி, இன்று கட்டடத்தின் சுவர். மணியை ஊரிலேயே செய்தார்களா, வாங்கினார்களா என்பது ஆய்வாளர்களின் வேலை. இரண்டையும் ஒரே மேசையில் ஒளி படும்படி வைத்துப் பார்ப்பது கலைஞரின் வேலை. இரண்டும் வேண்டும்.

ஆனால் கல்லும் மணியும் மட்டும் இந்த நிலத்தைச் சொல்லிவிடாது. நம் நிலக்காட்சியில் மிகப் பெரிய கலைப்பொருள் ஏரிக்கரை. மலை இல்லாத, பெரிய ஆறும் இல்லாத சமதளத்தில், மண்ணை அரை வட்டமாக அணைத்துப் பெய்த மழையை நிறுத்திவைத்தார்கள். செம்பரம்பாக்கம், தென்னேரி, பிள்ளைப்பாக்கம், இந்த ஊர் ஏரி. ஒன்றின் கலங்கல் வழிந்து அடுத்ததற்குப் போகும். வானத்திலிருந்து எடுத்த படத்தில் பார்த்தால் மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காகத் தெரியும். கரைக்கு வளைவு கொடுத்தவர், மதகுக்கு இடம் குறித்தவர், தூம்புக்கல் செதுக்கியவர் என்று எத்தனை கைகள்! அந்தப் பெயர்களைக் கல்வெட்டில் தேடினால் கட்டளையிட்டவர் பெயர் கிடைக்கும். வெட்டியவர் பெயர் பெரும்பாலும் கிடைக்காது.

பெயர் கிடைக்காவிட்டாலும் கணக்குக் கிடைக்கும். 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்ற ஆங்கிலப் பொறியாளர் செங்கல்பட்டு ஜாகிரின் சுமார் 2,000 ஊர்களை அளந்தார். அவருடைய சுருக்கத்துக்கு அடிப்படையாகத் தமிழில் ஊர்க் கணக்கர்கள் எழுதிக்கொடுத்த ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. திருப்போரூர் ஓலைக் கணக்கைக் கொள்கை ஆய்வு மையம் 2001இல் நூலாகவே அச்சிட்டது. ஏரி எத்தனை, தோப்பு எத்தனை, விளைச்சலில் தச்சருக்கு எவ்வளவு, கொல்லருக்கு எவ்வளவு, குயவர், வண்ணார், வெட்டியார், ஏரிக்காவல் இவர்களுக்கு எவ்வளவு மேரை, எவ்வளவு மானியம் என்று வரிவரியாக இருக்கிறது. யார் களத்தில் முதலில் அளந்து வாங்கினார், யார் கடைசியில் நின்றார் என்பதும் அதைப் படிக்கத் தெரிந்தவருக்குத் தெரியும். அந்த ஓலைகள் ஒரு கண்காட்சிக்கான முழுத் திட்டம். ஒரு ஊரை எடுத்துக்கொண்டு அந்தப் பங்கை நெல்லாகவே குவித்துக் காட்டுங்கள். குவியல்களின் உயரம் பேசும். நாம் பேச வேண்டியதில்லை.

மணிமங்கலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரகடம் போகிறவர்கள் தாண்டிப் போகிற ஊர். ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்மப் பல்லவன் சாளுக்கியப் புலிகேசியை முறியடித்த களங்களில் ஒன்று என்று கூரம் செப்பேடு பெயர் சொல்கிறது. போரைப் பற்றி ஊரில் ஒரு அடையாளமும் தெரியாது. அதற்காகக் கான்கிரீட்டில் குதிரைவீரன் சிலை வைத்துவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது என் சொந்தத் தொழிலுக்கு வருகிறேன். சென்னை ஓவியர்கள் இந்த நிலத்தை எப்படிப் பார்த்தார்கள்? 1850இல் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளி, அதில் பணிக்கரும் தனபாலும் இருந்த காலம், 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது என்று இந்தக் கதை உங்களில் சிலருக்குத் தெரியும். மேற்கத்திய பாணியிலிருந்து விலகி நம்முடைய மொழியைத் தேடினார்கள். எங்கே தேடினார்கள்? எழுத்தில், ஜாதகக் கட்டத்தில், கோயில் செம்பில், நாட்டார் தெய்வத்தில். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை அதன் உச்சம். குறை சொல்லவில்லை, என் ஆசிரியர் தலைமுறை அது. ஆனால் பரணில் இருந்த சுவடி வரைக்கும் போன அந்தக் கண், காலடியில் இருந்த சரளைக்கு அவ்வளவாக இறங்கவில்லை.

ஓவியர் ஆதிமூலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1938இல் துறையூர்ப் பக்கத்துக் கீராம்பூரில் பிறந்தவர். கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு அவர் போட்ட கோடுகளைப் பார்த்தவர்களுக்குக் கரிசல் என்றாலே அந்தக் கோடுதான் ஞாபகம் வரும். பின்னாளில் அவர் நிறத்துக்கு வந்து அருவ நிலக்காட்சிகளை வரைந்தார். கரிசலுக்கு எழுத்தும் கோடும் கிடைத்தன. காவிரிப் படுகைக்குத் தி. ஜானகிராமன் கிடைத்தார். தொண்டைநாட்டுச் செம்மண்ணுக்கும் ஏரிக்கும் அப்படி ஒரு கை இன்னும் வாய்க்கவில்லை என்பது என் கணிப்பு. பட்டணத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்ததே காரணமோ என்னவோ. இங்கிருந்து கிளம்பினவர் எல்லோரும் திரும்பிப் பாராமல் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கிழக்கே போய்விட்டார்கள்.

கல்லிலிருந்து கலைக்கு வரும் வழி எப்படி இருக்கும் என்பதற்கு வெளியூர் உதாரணம் இரண்டு. ஜூசெப்பே பெனோனே என்ற இத்தாலியச் சிற்பி, ஆற்றில் உருண்டு வந்த கல் ஒன்றை எடுத்தார். பிறகு அந்த ஆறு புறப்படும் மலைக்கு ஏறிப்போய் அதே பாறையில் ஒரு துண்டை வெட்டி, ஆறு செய்த உருவத்தை அச்சு அசலாகத் தன் உளியால் செய்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். 1981ஆம் ஆண்டுச் சிற்பம் அது. 'ஆறாக இருத்தல்' என்று தலைப்பு. எது ஆறு செய்தது, எது ஆள் செய்தது என்று பார்க்கிறவர் திணறுவார். அல்லிக்குளிக் கூழாங்கல்லுக்கு எழுதிவைத்தது மாதிரி இல்லையா?

மற்றவர் ஜப்பானின் ஓகமோட்டோ டாரோ. பாரிஸில் படித்த நவீன ஓவியர். 1951இல் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் ஜோமோன் காலத்து மண்பானைகளைப் பார்த்தார். வாய்விளிம்பில் நெருப்பு எழுவது போல மண் துள்ளும் பானைகள் அவை. அதுவரை அவை தொல்லியல்காரர்களின் சொத்து; கலை வரலாற்று நூல்கள் அவற்றைத் தாண்டித்தான் தொடங்கும். மறு ஆண்டு ஓகமோட்டோ எழுதிய கட்டுரைக்குப் பிறகு ஜப்பானியக் கலை வரலாறு ஜோமோனில் தொடங்க வேண்டியதாயிற்று. 1970இல் ஒசாகா உலகக் கண்காட்சிக்கு அவர் எழுப்பிய 70 மீட்டர் 'சூரியக் கோபுர'த்தில், தொழில்நுட்பத் திருவிழாவின் நட்டநடுவில், அந்தப் பழைய பானையின் முரட்டுத்தனம் நின்றது.

ஜப்பான் தூரம் என்றால் கொரியாவுக்கு வருவோம். கொரியா நமக்குத் தூரமில்லை. இந்தத் தெருவிலேயே கொரிய உணவகம் இருக்கிறது. 1978இல் தென்கொரியாவில் பணியிலிருந்த கிரெக் போவன் என்ற அமெரிக்கப் படைவீரர், ஹன்டான் ஆற்றங்கரையில் உலாவப் போனபோது ஒரு கல்லைக் கண்டார். கல்லூரியில் தொல்லியல் படித்தவர். கிழக்கு ஆசியாவில் இந்த வகைக் கைக்கோடரி கிடையாது என்று அதுவரை பாடப்புத்தகம் சொல்லிவந்தது. சோன்கோக் என்ற அந்த ஊரில், கல் கிடைத்த இடத்திலேயே, 2011இல் ஒரு தொல்பழங்கால அருங்காட்சியகம் திறந்தார்கள். ஆண்டுதோறும் பழைய கற்காலத் திருவிழா வேறு. பிள்ளைகள் கல்லைத் தட்டிப் பார்க்கலாம், நெருப்பில் இறைச்சி வாட்டலாம். கொஞ்சம் கேளிக்கை அதிகம்தான். ஆனாலும் அந்த மாவட்டத்துப் பிள்ளைக்குக் கைக்கோடரி என்றால் என்ன என்று தெரியும். நம் கற்கள் அந்தக் கற்களைவிட மிக மிகப் பழையவை. சோன்கோக்கில் வளர்ந்த ஒரு பொறியாளர் இருங்காட்டுக்கோட்டைக்கு வேலைக்கு வந்து, உங்கள் ஊரில் கைக்கோடரி எங்கே பார்க்கலாம் என்று கேட்டால் நாம் எங்கே கூட்டிப்போவோம்?

கீழடி வழிகாட்டியிருக்கிறதே என்பீர்கள். 2023 மார்ச் 5 அன்று கீழடி அருங்காட்சியகம் திறந்தார்கள். ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு போகிறார்கள். அது பெரிய காரியம். பானை ஓட்டைப் பார்க்க ஊரே வரும் என்று அதற்கு முன் சொன்னால் சிரித்திருப்பார்கள். கட்டடம்பற்றி மட்டும் எனக்கு ஒரு மனத்தாங்கல். செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டியிருக்கிறார்கள். அழகாக இருக்கிறது. ஆனால் இரண்டாயிரம் ஆண்டுக்கும் முந்திய வைகைக்கரைச் செங்கல் கட்டுமானத்துக்கும், சென்ற இரு நூற்றாண்டுகளில் பர்மா பணத்தில் எழுந்த வணிகர் மாளிகைக்கும் என்ன உறவு? பழமை என்றால் ஏதோ ஒரு பழமை போதும் என்று நினைத்துவிடுகிறோம். இங்கே அப்படி ஒன்று கட்டினால் மாமல்லபுரத்துத் தூணை ஒட்டவைத்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம். இந்த ஊருக்கென்று ஒரு கட்டட மொழி இருக்குமானால் அது செம்மண் கரையும் தகரக்கூரைப் பட்டறையும்தான். இரண்டும் மலிவு என்பது உபரி லாபம்.

எதைச் சேர்ப்பது என்பதில் இன்னொன்று. 2006இல் இங்கே நோக்கியா ஆலை ஓடத் தொடங்கியது. 2014 நவம்பரில் நின்றது. அதில் வேலை பார்த்த பெண்கள் இந்த அரங்கிலேயே இருக்கலாம். அந்த அடையாள அட்டை, சீருடை, அசெம்பிளி லைனில் கை போன வரிசை, கடைசி நாளில் எடுத்த செல்ஃபி இவையெல்லாம் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. 15 லட்சம் ஆண்டு கதை சொல்லும் இடத்தில் இந்த எட்டு ஆண்டு கதைக்கும் அலமாரி வேண்டும். ஏற்றம் இறைத்த நிலத்தைச் சிப்காட்டுக்குக் கொடுத்தவர்கள் வீட்டில் பரணில் கிடக்கும் நுகத்தடிக்கும் வேண்டும். பரந்தூரில் விமான நிலையம் என்று 2022இல் அறிவித்ததிலிருந்து ஏகனாபுரத்து மக்கள் போராடிவருகிறார்கள். அந்த வழக்கில் நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் சரி, அந்த ஏரிகளையும் களத்துமேடுகளையும் இன்றைக்கு யாராவது வரைந்து, அளந்து, படமெடுத்து வைத்தாக வேண்டும். ஓவியக் கல்லூரி மாணவர்களுக்கு நிலக்காட்சி வரைய ஊட்டிக்கு ரயிலேற வேண்டியதில்லை.

ஒன்றை இளைஞர்களிடம் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே சரளைக் காட்டில் இறங்கிக் கல் பொறுக்காதீர்கள். கண்டால் படமெடுங்கள், இடத்தைக் குறியுங்கள், தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள், கல்லை அப்படியே விடுங்கள். எந்த அடுக்கில், எந்த ஆழத்தில், எதனோடு கிடந்தது என்பது போய்விட்டால் கையில் மிஞ்சுவது அழகான ஒரு கல்; அவ்வளவுதான்.

கட்டடம் கட்ட ஆண்டுகள் ஆகும். கண்காட்சிக்கு அது வேண்டியதில்லை. சித்திரைத் திருவாதிரைக்கு ராமாநுஜர் உற்சவம் பார்க்க ஊரில் கூட்டம் நிறையும். அதிலிருந்து ஃபுட் கல்லெடுத்த மே 30 வரை வெயில் காலம். ஏரி வற்றிக் கரையடி காய்ந்திருக்கும். அந்த நாட்களில் ஏரிக்கரையோரம் தகரக் கொட்டகை போட்டுச் செய்யலாம். அசல் கல் வேண்டாம். பிரதிகள் போதும், கையில் எடுத்துப் பார்க்கிற மாதிரி. குவாரியில் வாங்கிய குவார்ட்சைட்டைத் தட்டிக் காட்ட ஒரு ஆள், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். ஒரு மேசையில் களிப்பாறை இலைத்தடம், ஒரு மேசையில் கூழாங்கல், ஒன்றில் நெல் குவியல், ஒன்றில் செல்போன். நாலு ஓவியர்கள் அங்கேயே தங்கி அந்த மண்ணைக் குழைத்தே வரையட்டும். மாலை 6 மணிக்குத் திறந்து இரவு 11 மணிக்கு மூடட்டும். இரண்டாவது ஷிஃப்ட் விடுகிறவர்களுக்காக ஒரு நாளாவது நள்ளிரவு வரை.

பெயர்ப்பலகை தமிழில், ஆங்கிலத்தில், அவற்றோடு இந்தியிலும் ஒடியாவிலும். மொழி அரசியல் பேசவில்லை. நம் விடுதிகளில் யார் தங்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒடிசாவில் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் குலியானா என்று ஓர் ஊர். 1939 முதல் 1942 வரை நிர்மல்குமார் போஸும் தரணி சென்னும் அங்கே அகழ்ந்து இதே வகைக் கைக்கோடரிகளை எடுத்திருக்கிறார்கள். மயூர்பஞ்சிலிருந்து வந்து ஒரகடத்தில் வெல்டிங் செய்கிற பையன் நம் கொட்டகைக்குள் நுழைந்து அந்தக் கல்லைக் கையில் எடுக்கும்போது, பக்கத்தில் அவன் ஊர்ப் பெயரும் இருக்க வேண்டும்.

அறக்கட்டளையாருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு என்னைப்போல ஒருவரைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தும் செலவை அந்தக் கொட்டகைக்குக் கொடுங்கள். தகரம் வாடகைக்குக் கிடைக்கும்.